ஒப்பீட்டுக் குளம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்த காலம், வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஓடக்கரைப்பாடி சமுதாயக் கூடத்தில் முடிவுக்கு வருகிறது. விஞ்ஞானிகளுக்கும் இறால் வளர்ப்போருக்கும் நடுவே எழும்பி நிற்கும் நெடுஞ்சுவர் அன்று தகர்க்கப்படும். தகர்ப்பவர், தேசிய உவர்நீர் உயிரின அறிவுப் பரிமாற்ற மையத்தின் இயக்குநர், முனைவர் சக்கரபாணி அவர்கள். வரலாறு திரும்பிப் பார்க்கப்போகும் இந்தத் தருணத்தில் நீங்களும் இருங்கள். மதியம் பிரியாணி உண்டு.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு நாள் இப்படிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசி வாக்கியத்தை நம்பிக் கூட்டம் வந்தது.

சுவர் இருந்தது உண்மைதான். அதை இடிக்க மையம் இதற்கு முன்பும் பாடுபட்டிருக்கிறது. வழவழத் தாளில் துண்டுப்பிரசுரம் போட்டது. எண்ணெயை உறிஞ்சாத தாள் என்பதால் பஜ்ஜிக் கடைக்காரர்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டார். செயலி ஒன்று விட்டது. அது குளத்தின் உப்பளவைச் சொல்வதற்கு முன் தாயாரின் பிறந்த ஊரைக் கேட்டது. கருத்தரங்கு நடத்தியது. கருத்தரங்கு ஏன் பலனளிக்கவில்லை என்று இன்னொரு கருத்தரங்கு நடத்தியது.

'இவங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனா சொல்ல மாட்டாங்க' என்று இறால்காரர்கள் விஞ்ஞானிகளைப் பற்றி நினைத்தார்கள். விஞ்ஞானிகளும் இறால்காரர்களைப் பற்றி அதையேதான் நினைத்தார்கள். இத்தனை வருடத்தில் இரு தரப்புக்கும் ஒத்துப்போன கருத்து அது ஒன்றுதான். இரண்டு தரப்பும் நினைத்தது சரிதான்.

விஞ்ஞானி ஏன் சொல்ல மாட்டார் என்றால், அவருக்கு எப்போதும் இன்னும் ஒரு மாதிரியைச் சோதிப்பது பாக்கி இருக்கும். இறால்காரர் ஏன் சொல்ல மாட்டார் என்பது கொஞ்சம் விவகாரம். ஓடக்கரைப்பாடியில் எல்லாக் குளங்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்து அதே வாய்க்காலில் விடுகின்றன. ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டால், குளத்துக்காரர் மூச்சு விட மாட்டார். தெரிந்தால் வியாபாரி விலையை அமுக்கிவிடுவார். அதனால் சத்தமில்லாமல் இறாலைப் பிடித்து, சத்தமில்லாமல் தண்ணீரைத் திறந்துவிடுவார்.

இதில் ஊர் எப்படிப் பிழைத்தது என்றால், மறைக்கத் தெரியாததால் பிழைத்தது. நோய் கண்டவர் அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். கேட்காமலே "நம்ம குளம் இந்தத் தடவ அமோகம்" என்பார். அவர் அமோகம் என்று சொன்ன உடனே, கேட்டவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தங்கள் மதகை அடைப்பார்கள். யாரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டைப் பற்றி மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் ஊரிலும் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் இயந்திரம் வந்தது. அதன் திருப்பெயர் 'ஞானசேது'. இரண்டு தலைக்கவசங்கள், நடுவில் ஒரு பெட்டி. ஆவி வெளியேற மேலே ஒரு குமிழ் இருந்ததால், வந்து இறங்கிய அரைமணி நேரத்தில் ஊர் அதற்குக் குக்கர் என்று பெயர் வைத்துவிட்டது.

குக்கருக்கு ஆள் தேர்வு நடந்தது. விஞ்ஞானிகள் தரப்பில் டாக்டர் ஆராவமுதன். இறால் நோய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதில் எதையும் அவர் உறுதியாகச் சொன்னதும் இல்லை. இறால்காரர்கள் தரப்பில் வைரக்கண்ணு. 'முன்னோடி விவசாயி' என்ற தகுதியில் எடுத்தார்கள். அன்றைக்கு அவன் மட்டும்தான் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

வைரக்கண்ணுவின் மனைவி தையல்நாயகிக்கு இது பிடிக்கவில்லை. கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் எஸ்தர், மையத்தின் தொழில்நுட்ப உதவியாளர். குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு மேடையில் நாற்காலி போடவில்லை.

"இத மாட்டுனா என்ன பாப்பா ஆவும்?"

"டாக்டரோட அறிவு உங்க வீட்டுக்காரருக்கு வந்துரும்கா. அவரோடது டாக்டருக்குப் போயிரும்."

"அப்ப இவருக்கு உள்ளது?"

"அதுவும் இருக்கும். ஆனா புதுசா வந்தது மேல ஏறி உக்காந்துக்கும்."

"அறிவு மட்டும் வருமா, இல்ல வேற ஏதாவது கூட வருமா?"

எஸ்தர் கம்பியைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "மூளைல அறிவு தனி டப்பாவுல இல்லக்கா. பயம், பழக்கம், கூச்சம் எல்லாத்தோடயும் பின்னிக் கெடக்குது. வலையப் போட்டா இறால் மட்டுமா வருது? பாசி, நண்டு, செருப்பு எல்லாந்தான வருது."

"பொறுக்கிப் போட்டுட்டுக் குடுங்களேன்."

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்னு சொன்னேன். மார்ச்சுக்குள்ள நிதியச் செலவு பண்ணியாகணும்னு சொல்லிட்டாங்க."

"திருப்பி எடுத்துரலாம்ல?"

"படிச்சத மறக்கடிக்க முடியுமாக்கா?"

"நான் பத்தாவதுல படிச்சது பூரா மறந்துட்டேனே!"

தையல்நாயகியின் கவலைக்குக் காரணம் இருந்தது. வைரக்கண்ணு ஆறு வருடம் மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டியவன். விடுமுறைக்கு வந்தபோது மகள் அவனை 'மாமா' என்று கூப்பிட்டாள். அன்றிரவே பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு, குத்தகைக்கு இரண்டு குளம் எடுத்தான். முதல் இரண்டு வெள்ளாமையும் நோயில் போயின. கிழக்குக் குளத்திலும் மேற்குக் குளத்திலும் இப்போது நிற்பது மூன்றாவது. இதுவும் போனால் மறுபடி மஸ்கட் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மகள் இப்போதுதான் 'அப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

"நோயப் பத்தி டாக்டருக்குத் தெரிஞ்சது பூரா எனக்குத் தெரிஞ்சா, அப்புறம் எந்தக் காலத்துலயும் குளம் போவாது தையலு" என்றான் வைரக்கண்ணு. அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்?

இயக்குநர் சக்கரபாணி முக்கால் மணி நேரம் பேசினார். குக்கர் இருபது நிமிடம் வேலை செய்தது. குமிழ் வழியாக ஆவி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. வைரக்கண்ணு குளத்து நீரைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தான். காரத்தன்மை, அம்மோனியா, விப்ரியோ என்று ஆற்றுத் தண்ணீர்போலப் பேசினான். தீவனத்தைக் குறைத்தான், இறால் கொழுத்தது. தையல்நாயகிக்கே பெருமையாக இருந்தது. ஒன்றுதான் உறுத்தியது. 'இன்னைக்கு மழை வருமாங்க?' என்று கேட்டால், முன்பு வானத்தைப் பார்த்து 'வரும்' அல்லது 'வராது' என்பான். இப்போது 'வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்கிறான். துணி காயப்போடுகிறவளுக்கு இதனால் என்ன பயன்?

மையத்தில் டாக்டர் ஆராவமுதன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். குளத்துச் சேற்றை விரலில் எடுத்து முகர்ந்தார். உடன் வேலை செய்கிறவர்கள் 'ஆராய்ச்சி எப்படிப் போகுது சார்?' என்று கேட்டால், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் 'ஏதோ சுமாராப் போவுது' என்று சொல்லிவிட்டு, கணினித் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டார். மண்ணோடு ஒட்டிவிட்டார் என்று சக்கரபாணி பூரித்துப்போய் அதைப் புகைப்படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு ஒருநாள் காலையில் தையல்நாயகி மேற்குக் குளத்தில் தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. கரையோரம் இரண்டு இறால்கள் சாய்ந்து சாய்ந்து நீந்தின. ஒன்றைக் கையில் அள்ளித் தலை ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஏற்கெனவே இரண்டு வெள்ளாமையைத் தின்ற புள்ளி. அவளுக்கு அடையாளம் தெரியாதா?

"ஏங்க! ஓடியாங்க! வந்துருச்சுங்க!"

வைரக்கண்ணு நடந்து வந்தான். முன்பெல்லாம் இந்தக் குரலுக்கு வேட்டி அவிழ ஓடி வருவான். இறால் வாங்கும் ஏஜென்டுக்குப் போன் போடுவான். பிடிப்பு வலை, ஐஸ், ஆட்கள் என்று நாக்கு வறளக் கத்துவான். டீக்கடைக்குப் போய் அமோகம் என்று பொய் சொல்வான். கையில் பாதியாவது மிஞ்சும்.

இப்போது இறாலை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "ம். சுவாரசியமா இருக்கு" என்றான்.

"எது?"

"ரெண்டு இறாலத்தான நீ பாத்திருக்க. ரெண்ட வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது தையலு. வேற காரணமும் இருக்கலாம்."

"வேற என்னங்க காரணம்? புள்ளி தெரியலயா ஒங்களுக்கு?"

"தெரியுது. புள்ளி இருக்குங்கிறத நான் மறுக்கல. அதுக்கு இதுதான் காரணம்னு நிரூபிக்கணும்ல?"

"ஏஜென்டுக்குப் போனப் போடுங்க. இன்னைக்கே பிடிச்சுருவோம். சின்ன சைஸா இருந்தாலும் போறது போவட்டும்."

"அவசரப்படாத. எங்கிட்ட ஒரு வழி இருக்கு." அவன் முகத்தில் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய நாளில்கூட அவள் பார்க்காத ஓர் ஒளி வந்தது. "கிழக்குக் குளத்துக்கு மருந்து, சுண்ணாம்பு, காத்து மிஷினு எல்லாம் குடுக்குறோம். மேற்குக் குளத்துக்கு ஒண்ணும் செய்யறதில்ல. ஒரு பத்து நாள் விட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறோம். அப்ப மருந்து கேக்குதா இல்லயான்னு தெளிவாத் தெரிஞ்சு போயிரும்."

தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை.

"மேற்குக் குளத்த என்ன செய்யப் போறீங்கன்னு சொன்னீங்க?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. அது ஒப்பீட்டுக் குளம்."

"செத்துப் போவுமே?"

"செத்தாத்தான ஒப்பிட முடியும்?"

"நம்ம குளங்க அது!"

"அதனாலதான் அனுமதி வாங்குறது சுலபமா இருக்கு" என்றான்.

அவளே ஏஜென்டுக்குப் போன் செய்தாள். ஏஜென்ட் "அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும் அண்ணி" என்றான். போனைக் கணவன் காதில் வைத்தாள். "பிடிப்பு எதுவும் இல்ல தம்பி. ஆய்வு நடந்துகிட்டு இருக்கு" என்றான் வைரக்கண்ணு. ஏஜென்ட் வைத்துவிட்டான்.

"சரி, பாய்கிட்டயாவது சொல்லுங்க. நம்ம தண்ணி நேரா அவரு குளத்துக்குத்தான போவுது?" வாய்க்காலில் அடுத்த குளம் ஜபருல்லா பாயுடையது. அதற்கு அடுத்து வரிசையாக இன்னும் பலருடையவை.

"உறுதியாகாத தகவல வெளிய சொன்னா பீதி கெளம்பும். முடிவு வந்ததும் முறைப்படி வெளியிடலாம்."

முன்பும் அவன் சொல்ல மாட்டான்தான். ஆனால் முன்பு அவன் சொல்லாமல் இருந்தது ஊருக்கே கேட்கும்.

தையல்நாயகி ஏழெட்டு இறாலை ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கணவன் தலையில் இருப்பது டாக்டரின் அறிவு என்றால், அந்த டாக்டரே வாயைத் திறந்து 'நோய்தான், பிடி' என்று சொல்லிவிட்டால் வைரக்கண்ணு கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவளுடைய இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குக்கருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவள் அந்த நேரத்தில் மறந்திருந்தாள்.

ஆராவமுதன் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். நுண்ணோக்கியின் பக்கம்கூடப் போகவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பஸ்ல யாராச்சும் பாத்தாங்களா?"

"எத சார்?"

"டப்பாவத்தான்."

எஸ்தர் உள்ளே இருந்தாள். பரிசோதனைக் கருவியில் இறால் திசுவைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் திரை சிவப்பாக எரிந்தது. வெள்ளைப்புள்ளி, சந்தேகத்துக்கு இடமில்லை. ஆராவமுதன் எட்டிப் போய்த் திரையை அணைத்தார்.

"சார், இத உடனே எல்லாக் குளத்துக்கும் எச்சரிக்கையா அனுப்பணும்" என்றாள் எஸ்தர். "அதுக்குத்தான சார் நாம இருக்கோம்?"

"நீ வாய வச்சுகிட்டுச் சும்மா இரு புள்ள." இருபத்தைந்து வருடம் கருத்தரங்குகளில் 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்று ஆரம்பித்த வாய் அது. தையல்நாயகியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. வெளிய தெரிஞ்சா ரேட்டு வுழுந்துரும். வியாபாரி கால்ல போட்டு மிதிச்சுருவான். கமுக்கமாப் பிடிச்சுட்டு, கமுக்கமாத் தண்ணியத் தெறந்து வுட்டுருணும். வாயத் தெறக்கப்படாது."

"அதத்தான் சார் நானும் சொல்றேன், பிடிக்கணும்னு. அவருதான் பிடிக்க மாட்டேங்கிறாரு. மேற்குக் குளத்த ஒப்பீட்டுக்கு வச்சிருக்காராம்."

"எந்தக் குளத்த?" ஆராவமுதனின் குரல் உடைந்தது. "மேற்கயா? ஏ ஆத்தா, நான் ஈச்ச மட்டையெல்லாம் புடுங்கி, கல்லுப் பொறுக்கி, கரை போட்ட கொளமாச்சே அது!"

அவர் அந்தக் குளத்தை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் காருக்குள் இருந்து, பார்த்திருக்கிறார். ஆனால் கண்ணில் தண்ணீர் நிஜமாகவே வந்தது. வைரக்கண்ணுவின் அறிவு வலையில் வரும்போது, அந்தக் குளத்தின்மேல் அவன் வைத்திருந்த பாசமும் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் சாவியை எடுத்தார். செருப்பும் போடாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எஸ்தரும் தையல்நாயகியும் வாசலில் நின்றார்கள்.

"இவரு எங்க போறாரு?"

"தெரியலக்கா. நான் எச்சரிக்கைய அனுப்பிரலாம்னா, அவரு கையெழுத்து இல்லாம கணினி அனுப்பாது. டைரக்டர் டெல்லியில. சுவரை இடிச்சதப் பத்திப் பேசப் போயிருக்காரு."

"உன் டாக்டருக்கு எங்க வீட்டுக்காரரோட கமுக்கம் போயிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு உன் டாக்டரோட தயக்கம் வந்திருக்கு." தையல்நாயகி டிபன் பாக்ஸை மூடினாள். "அப்ப சொல்றதுக்குன்னு யாரு பாப்பா மிச்சம் இருக்கா?"

யாரும் இல்லை என்பதால் இவர்கள் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்தார்கள்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேற்குக் குளத்தின் வடிகால் மதகு முழுசாகத் திறந்திருந்தது. ஆராவமுதன் பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிவிட்டு மதகுப் பலகையின் மேல் நின்றார். மூன்றாவது பலகை எப்போதும் சிக்கும். அதைக் காலால் எத்திவிட்டுத் தூக்க வேண்டும். அப்படித்தான் தூக்கியிருந்தார். குளத்துத் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் இறங்கியது. "போவட்டும், பீடை நம்ம கொளத்த வுட்டுப் போவட்டும்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

வைரக்கண்ணு கரையில் நின்று அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பாத்துகிட்டு நிக்கிறீங்க! தடுக்கக் கூடாதா?"

"வெளிப்புறத் தலையீடு" என்றான், எழுதுவதை நிறுத்தாமல். "நான் தடுத்தா ரெண்டு தலையீடாயிரும்."

கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஜபருல்லா பாய் வாய்க்காலில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள்.

"பாய்! மோட்டார நிறுத்துங்க பாய்! எங்க குளத்துல வெள்ளைப்புள்ளி. அந்தத் தண்ணிதான் வருது. மதகை அடைங்க!"

ஜபருல்லா மோட்டாரை நிறுத்தவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புதுசா இருக்கு?"

"சத்தியமா பாய். எம் பொண்ணு மேல சத்தியம்."

"இந்த வாய்க்கால்ல எங்க வாப்பா காலத்துலேர்ந்து குளம் வச்சிருக்கோம். தங்குளத்துல நோவுன்னு தானா வந்து சொன்ன ஆள ஒருத்தர காட்டு. ஒரே ஒருத்தர்."

"நான் சொல்றேனே!"

"அதான் இடிக்குதுங்கிறேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. அன்பாக, ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரிதான் பேசினார். "நோவு வந்தவன் சொல்ல மாட்டான். நீ சொல்ற. அப்ப நோவு வரல. நான் பயந்துபோயி பொடிசா இருக்கயிலயே பிடிச்சுட்டா, பத்து நாள் கழிச்சு பெரிய சைஸு உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கும். வெல என்னவா இருக்கும்? நல்ல யோசனைதான். உம் புருசனுக்கு வந்த அறிவா இது?"

"ஐயோ பாய், அப்படி இல்ல பாய்…"

"நோவுன்னா உம் புருசன் இப்படியா நிப்பான்? ஊருக்கே டீ வாங்கிக் குடுத்துருப்பானே. இன்னைக்கு டீக்கடைப் பக்கம் வந்தான். அவன் டீக்கு மட்டும் காசு குடுத்துட்டுப் போனான். அப்பவே எனக்கு நிம்மதியாயிருச்சு."

எஸ்தர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "ஐயா, நான் மையத்துல வேல செய்றேன். டெஸ்ட் எடுத்தாச்சு. பாசிட்டிவ்."

"நீ யாரும்மா? டாக்டரா?"

"இல்லங்க. டெக்னீஷியன்."

"டாக்டரு அந்தா நிக்கிறாரு பாரு." ஜபருல்லா மதகைக் காட்டினார். "அவரு கையாலயே தெறந்து விடறாரு. அம்மாம் பெரிய படிப்புப் படிச்சவரு நோவுத் தண்ணியவா வாய்க்கால்ல விடுவாரு?"

எஸ்தர் மதகைத் திரும்பிப் பார்த்தாள். ஜபருல்லா சொன்னதில் ஒவ்வொரு கண்ணியும் சரியாகத்தான் இருந்தது. அறிவியல்பூர்வமாகக்கூட இருந்தது. பார்த்தார், ஒப்பிட்டார், முடிவுக்கு வந்தார். வைரக்கண்ணுவுக்கு வராத துணிச்சல் அவருக்கு வந்தது, அவ்வளவுதான்.

தையல்நாயகி மோட்டாரின் மேலேயே விழப் போனாள். ஜபருல்லாவின் ஆட்கள் இருவர் அவளை மரியாதையாகப் பிடித்து ஓரமாக உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மோட்டார் ஓடியது. கீழே இருந்த குளத்துக்காரர்கள் ஜபருல்லாவின் மோட்டார் சத்தத்தைக் கேட்டார்கள். பாயே எடுக்கிறார் என்றால் தண்ணீர் நல்லதாகத்தான் இருக்கும் என்று அவர்களும் எடுத்தார்கள். அன்று வாய்க்கால் முழுக்க மோட்டார்கள் ஒன்றாக ஓடின. எஸ்தர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தகவல் இவ்வளவு வேகமாகப் பரவி அவள் பார்த்ததே இல்லை.

ஒரு வாரத்தில் வாய்க்காலின் இரு கரைகளும் செத்து ஒதுங்கிய இறாலால் சிவப்பாகிவிட்டன. காக்கைகள் தின்று தின்று பறக்க முடியாமல் கரையில் நடந்தன. ஜபருல்லா பாய் தையல்நாயகி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

வைரக்கண்ணுவின் மேற்குக் குளம் செத்தது. அடுத்து, மருந்து கொடுத்த கிழக்குக் குளமும் செத்தது. அவன் தளரவில்லை. "ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லங்கிறதும் ஒரு முடிவுதான் தையலு" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, பழைய வைரக்கண்ணு எங்கோ அடியிலிருந்து தலையைத் தூக்கினான் போலிருக்கிறது, குளத்தையே பார்த்துக்கொண்டு குழந்தைபோலத் தேம்பினான். கண்ணைத் துடைத்ததும், நிறைய ஆய்வுகளில் இப்படி ஆவதுண்டு என்று சொன்னான்.

மையத்தில் மதிப்பீடு நடந்தது. குக்கர் வென்றதா என்று அறிய இருவருக்கும் தனித்தனியே ஒரே கேள்வி கொடுத்தார்கள்: 'குளத்தில் நோய் அறிகுறி கண்டால் என்ன செய்வீர்கள்?' வைரக்கண்ணு, மேலும் மாதிரிகள் எடுப்பேன் என்று எழுதினான். இது விஞ்ஞானியின் விடை. ஆராவமுதன், எவனுக்கும் சொல்ல மாட்டேன் என்று எழுதினார். இது இறால்காரனின் விடை. இருவருக்கும் முழு மதிப்பெண்.

சமுதாயக் கூடத்தில் மறுபடி கூட்டம். இந்த முறை பிரியாணிக்கும் ஆள் அதிகம் வரவில்லை. விஞ்ஞானி இறால்காரராகிவிட்டார், இறால்காரர் விஞ்ஞானியாகிவிட்டார், உலகில் எங்கும் நடக்காத முழுமையான பரிமாற்றம் இது என்று சக்கரபாணி அறிவித்தார். திட்டம் கடற்கரை மாவட்டங்கள் அனைத்துக்கும் விரிவாகிறது. அடுத்த கட்டத்துக்குக் குக்கர் நாற்பது வாங்கப்படும். பயனாளி குடும்பத்தின் கருத்தைக் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, மைக் தையல்நாயகியிடம் வந்தது.

"இறாலு செத்துப் போச்சு சார்" என்றாள். "எல்லாக் குளமும். எனக்கு மொத நாளே தெரியும். நான் சொன்னேன். ஊருக்கே சொன்னேன். எவரும் கேக்கல. இதுக்கு உங்க மிஷின்ல ஏதாச்சும் இருக்கா?"

"மிக அருமையான கேள்வி" என்றார் சக்கரபாணி. "பெண்களின் பங்கேற்பு நமக்கு எப்போதுமே ஊக்கம் தருகிறது." கைதட்டல் எழுந்தது. எஸ்தர் மட்டும் தட்டவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. குக்கர்களில் குமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

மஸ்கட் ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்தான். பழைய கம்பெனியே கூப்பிடுகிறது, உடனே கிளம்ப முடியுமா என்று கேட்டான். ஒரே ஒரு கம்பெனியை மட்டும் வைத்து எப்படி முடிவெடுப்பது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில வேண்டும் என்றான் வைரக்கண்ணு. மூன்றாவது முறை போன் வரவில்லை.

தையல்நாயகி தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் இறால் தோல் உரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே இறால் ஆந்திராவிலிருந்து வருகிறது.